ஆட்சியைக் கையளித்தவர்

அயர்லாந்தின் விடுதலை வரலாற்றைப் படித்தவர்கள் டி வலெராவை அறிவர். மைக்கேல் கொலின்ஸையும் அறிவர். மாணவனாயிருந்த நாளில் நானும் அவ்விரு பெயர்களையே அறிந்திருந்தேன். பின்னர் ஆசிரியனாகி உயர் வகுப்பினர்க்கு ஐரோப்பிய வரலாறு கற்பித்த காலத்தில் ஒரு மாணவன் எழுந்து ஒரு வினாத் தொடுத்தான். உள்நாட்டுப் போரிலே தோல்வியுற்ற டி வலெரா, அப்போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகளில் அந்நாட்டின் ஆட்சியை எவ்வாறு பெற்றார் என்பதே அவன் வினா. தேர்தலில் வென்று பெற்றார் என்றேன். அவன் அமைதியடையவில்லை. தேர்தலில் தோற்றவர்களின் கையிற் படை இருந்ததே, பொலிஸ் இருந்ததே, அவர்கள் ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்று மீண்டும் கேட்டான். அன்று என்னிடம் தக்க விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தேடிச் சென்ற வழியிலேதான் வில்லியம் தோமஸ் கொஸ்கிரேவ் என்னும் மனிதரின் வரலாறு எனக்குக் கிட்டியது.

அவர் பேரறிஞர் அல்லர்; நாவன்மையாற் கூட்டங்களைக் கட்டிப்போட்டவரும் அல்லர். அவருக்குக் கவிஞர்கள் பரணி பாடவில்லை. எனினும் நகர வரியும் சாக்கடையும் பற்றிய விவாதங்களில் அரசியல் பயின்று, ஒரு புதிய நாட்டின் முதல் பத்தாண்டுகளைச் சுமந்து நின்ற அவருடைய வாழ்க்கை, நம் மாணவர்கள் ஆழ்ந்து படிக்கவேண்டிய ஒன்று என்பது என் துணிபு.

ஜேம்ஸ் வீதிப் பிள்ளை

டப்ளின் நகரின் ஜேம்ஸ் வீதியில் 1880 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொஸ்கிரேவ் பிறந்தார். அவ்வீதியின் ஒரு புறத்தில் உலகறிந்த கின்னஸ் மதுவடிசாலை. சற்றுத் தொலைவில் வறியோரும் நோயுற்றோரும் அடைக்கலம் புகும் பெரிய ஏழையர் இல்லம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கடையிலே பலசரக்கும் மதுவும் விற்றுப் பிழைத்தது அவருடைய குடும்பம். சிறுவனாயிருந்தபோதே தந்தையார் காலமானார். கிறித்தவ சகோதரர்களின் பாடசாலையிற் கற்ற பின், பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்காமல், குடும்ப வியாபாரத்தில் இறங்கினார். பிற்காலத்தில் அவர் நாட்டின் தலைவரானபோது, மதுக்கடைக்காரர் என்று எதிரிகள் எள்ளியதுண்டு. கடையிலே கற்ற கணக்கும், எவ்வகை மனிதரோடும் முகங்கோணாது பேசும் பழக்கமும் தமக்குக் கைகொடுத்தன என்பதை உணர்ந்திருந்தமையாற் போலும், அவ்வேளனத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

1905 ஆம் ஆண்டில் ஆதர் கிரிபித் என்னும் பத்திரிகையாளர் டப்ளினிலே கூட்டிய மாநாட்டுக்குக் கொஸ்கிரேவும் அவர் தம்பியும் சென்றனர். சின் பெயின் இயக்கத்தின் தொடக்கம் அதுவே. ஐரிஷ் உறுப்பினர்கள் இலண்டன் பாராளுமன்றத்தைப் புறக்கணித்துத் தம் நாட்டிலேயே சபை கூட்டவேண்டும், உள்ளூர்ச் சபைகளையும் கைத்தொழில்களையும் தம்வசமாக்கிப் படிப்படியாகத் தன்னாட்சியை நிறுவவேண்டும் என்பது கிரிபித்தின் போதனை. அந்தப் போதனையை ஏட்டளவில் நிறுத்தாது செயலிற் காட்ட முனைந்தவர்களில் இளைஞர் கொஸ்கிரேவ் ஒருவர். 1909 ஆம் ஆண்டு ஜனவரியில், தமது இருபத்தெட்டாம் வயதில், அஷர்ஸ் கீ வட்டாரத்தின் சின் பெயின் உறுப்பினராக டப்ளின் மாநகர சபைக்குத் தெரிவானார்.

மாநகர சபையில்

அந்நாளைய டப்ளின், ஐரோப்பாவின் மிக மோசமான சேரிகளைக் கொண்ட நகரங்களுள் ஒன்று. பிரபுக்கள் குடியிருந்த பழைய மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. 1913 செப்டெம்பரில் சேர்ச் வீதியில் இத்தகைய வீடுகள் இடிந்து வீழ்ந்து எழுவர் மாண்டனர். அதனையடுத்து நடந்த அரசாங்க விசாரணை, ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அவ்வகைக் கட்டடங்களில் வாழ்ந்தன என்றும், அவற்றுள் 20,000 குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரே அறையிற் காலங்கழித்தன என்றும் 1914 இல் வெளிப்படுத்தியது. அதனினும் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்றும் வெளிவந்தது. நகரத்தைத் திருத்தவேண்டிய மாநகர சபையின் உறுப்பினர் சிலரே அத்தகைய வீடுகளின் சொந்தக்காரராய் இருந்தனர்.

இச்சபையிலே பெரும்பான்மைக் கட்சியினர் வேறு. கொஸ்கிரேவின் குழு சிறிது. சிறுபான்மையினர் பலரும் ஆவேசப் பேச்சிலே மனநிறைவு காண்பர். கொஸ்கிரேவோ மதிப்பீடுகளையும் கணக்கறிக்கைகளையும் வரிவரியாகப் படித்தார். எவர் நியமனம் பெற்றார், எந்த ஒப்பந்தம் யாருக்குப் போயிற்று, வரிப்பணம் எங்கே கசிந்தது என்று கேள்வி எழுப்பினார். காலப்போக்கில் எதிரணியினரும் அவருடைய உழைப்பை மதித்தனர். சபையின் நிதிக்குழுத் தலைமையும் அவரை வந்தடைந்தது. பிற்காலத்தில் ஒரு நாட்டின் கருவூலத்தை அவர் அச்சமின்றிக் கையாண்டமைக்கு அந்தக் குழுவறையே பள்ளிக்கூடமாயிற்று.

துப்பாக்கியும் தூக்குக் கயிறும்

1913 இல் ஐரிஷ் தொண்டர் படை அமைந்தபோது கொஸ்கிரேவும் அதிற் சேர்ந்தார். ஆயினும் இரகசியப் புரட்சிச் சங்கத்தில் அவர் அங்கத்தவராகவில்லை. 1916 ஈஸ்டர் வாரத்தில் எழுச்சி வெடித்த வேளையில், ஈமன் கியான்ட் என்பாரின் தலைமையிலான படைப்பிரிவிற் கடமையாற்றினார். அப்பிரிவு கைப்பற்றிய இடம், முற்கூறிய ஏழையர் இல்லம். தாம் பிறந்து வளர்ந்த வீதியிலேயே, ஒவ்வொரு சுவரையும் வாயிலையும் அறிந்த இடத்திலேயே, அவர் போரிட நேர்ந்தது. தாயாரின் மறுமணத்தால் உறவான சகோதரர் ஒருவர் அப்போரிலே அருகிருந்து மடிந்தார்.

எழுச்சி அடங்கியதும் இராணுவ நீதிமன்றம் கொஸ்கிரேவுக்கு மரணதண்டனை விதித்தது. அவருடைய தளபதி கியான்ட் சுட்டுக்கொல்லப்பட்டார். கொஸ்கிரேவின் தண்டனையோ ஆயுட்காலச் சிறையாகக் குறைக்கப்பட்டது. தம்மோடு நின்றவர்கள் விடியற்காலையில் அழைத்துச் செல்லப்படுவதை அறிந்திருந்த அந்த நாட்களை அவர் மறந்திருக்கவியலாது. பின்னர் நடந்தவற்றை எடைபோடும்போது நாமும் இதனை மறத்தலாகாது. இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பு எத்தகையது என்பதைத் தம் உடலாலும் உள்ளத்தாலும் அறிந்த மனிதர் அவர்.

1917 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பொது மன்னிப்பின் பேரில் இங்கிலாந்துச் சிறையிலிருந்து மீண்டார். அதே ஓகஸ்டில் கில்கென்னி நகரத் தொகுதியின் இடைத்தேர்தலில் நின்று, எதிர்த்தவரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வாக்குப் பெற்று வென்றார். நகரசபை அரசியலிலிருந்து தேசிய அரசியலுக்கு அவர் ஏறிய படி இதுவே. ஆயினும் கட்சியின் கொள்கைப்படி இலண்டன் பாராளுமன்றத்தில் அவர் அமரவில்லை. டப்ளின் மாநகர சபையிலிருந்து விலகவும் இல்லை. 1918 இல் மீண்டும் சிறைப்பட்டார். அவ்வாண்டு டிசெம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் 105 ஆசனங்களுள் 73 ஐச் சின் பெயின் கைப்பற்றியது. அவ்வெற்றியின் பயனாக 1919 ஜனவரி 21 ஆம் நாள் டப்ளினிலே தேசிய சபை கூடிற்று. டொய்ல் என்பது அதன் பெயர்.

மறைந்து நடந்த அமைச்சு

டொய்ல் தனக்கென ஓர் அமைச்சரவையை அமைத்தபோது, உள்ளூராட்சித் துறை கொஸ்கிரேவின் பொறுப்பாயிற்று. அவருக்குத் துணையாக வந்தவர் கெவின் ஓ ஹிக்கின்ஸ் என்னும் கூர்த்த மதியுடைய இளைஞர். பிற அமைச்சுகள் பல பெயரளவில் இருந்த காலத்தில், இவர்களின் துறை உண்மையாகவே ஆட்சி செய்தது.

விடுதலைப் போர் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன பதுங்கித் தாக்குதலும் வீரமரணமுமே. ஆனால் அந்தப் போரின் ஒரு பாதி, கணக்கேடுகளிலும் தீர்மானங்களிலும் நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1920 இல் நடந்த உள்ளூர்த் தேர்தல்களில் விடுதலை இயக்கத்தார் பெரும்பாலான சபைகளைக் கைப்பற்றினர். பின்னர் அச்சபைகள் ஒன்றன்பின் ஒன்றாக, தாம் இனிப் பிரித்தானிய உள்ளூராட்சித் திணைக்களத்துக்குப் பதில் சொல்லமாட்டோம், டொய்லுக்கே கீழ்ப்படிவோம் என்று தீர்மானித்தன. பிரித்தானிய அரசு தன் மானியங்களை நிறுத்தியது. அதனால் வைத்தியசாலை நடத்தவும் வீதி செப்பனிடவும் ஊழியர்க்குச் சம்பளம் கொடுக்கவும் பணமின்றிச் சபைகள் திணறின. வரியை ஒழுங்காக அறவிடவேண்டும். அறவிட்ட பணம் எதிரியின் கையிற் சிக்காமற் காக்கவேண்டும். வீண் செலவைக் குறைக்கவேண்டும். ஏழையர் இல்லங்களை ஒன்றிணைக்கவேண்டும். ஒளிந்து வாழ்ந்த ஓர் அமைச்சர் இத்தனையையும் கடிதங்களாலும் கணக்காய்வாளராலும் நடத்தினார். மாநகர சபையின் நிதிக்குழுவிற் பழகாத ஒருவரால் இது இயன்றிருக்குமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நான்காவது வாக்கு

1921 டிசெம்பர் 6 ஆம் நாள் இலண்டனில் ஆங்கில–ஐரிஷ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி அயர்லாந்தின் இருபத்தாறு மாவட்டங்கள் கனடாவைப் போன்ற டொமினியன் அந்தஸ்தைப் பெற்றன. ஆனால் உறுப்பினர்கள் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசம் கூறும் பிரமாணம் செய்யவேண்டியிருந்தது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிந்தே நின்றன. எழுவர் கொண்ட அமைச்சரவை இதனை ஏற்பதா மறுப்பதா என்று கூடியபோது, டி வலெராவும் வேறிருவரும் மறுத்தனர். கிரிபித்தும் கொலின்ஸும் பாட்டனும் ஏற்றனர். எஞ்சியது கொஸ்கிரேவின் வாக்கு. அவர் தம் பக்கம் நிற்பார் என்றே டி வலெரா நம்பியிருந்தார் என்பர். கொஸ்கிரேவ் உடன்படிக்கையை ஏற்றார். நாலுக்கு மூன்று என்ற அந்த முடிவால் உடன்படிக்கை டொய்லின் முன் சென்றது. 1922 ஜனவரி 7 ஆம் நாள் டொய்லும் 64 க்கு 57 என்ற வாக்குகளால் அதனை ஏற்றது.

அந்த ஏழு வாக்கு வேறுபாடு நாட்டைப் பிளந்தது. ஒரே சிறையிற் கிடந்தவர்கள், ஒரே தட்டில் உண்டவர்கள், எதிரெதிரே நின்றனர். 1922 ஜூன் இறுதியில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஓகஸ்ட் 12 இல் ஆட்சியின் தலைவர் கிரிபித் திடீரென மாண்டார். பத்து நாள் கழித்து, ஓகஸ்ட் 22 இல், படைத்தலைவர் கொலின்ஸ் தம் சொந்த மாவட்டமாகிய கோர்க்கிலே பதுங்கியிருந்தோரின் குண்டுக்கு இரையானார். மூளையும் கரமும் ஒருங்கே வீழ்ந்த நிலையில், தலைமையை ஏற்க எவர் உளர் என்று பார்த்தபோது, நாற்பத்திரண்டு வயதுடைய உள்ளூராட்சி அமைச்சரே எஞ்சி நின்றார். அவர் நெடுநாள் நிலைப்பார் என்று அன்று எண்ணியவர் சிலரே. அவரோ பத்தாண்டு நிலைத்தார்.

எழுபத்தேழு

அவருடைய வரலாற்றின் இருண்ட அதிகாரத்துக்கு இப்பொழுது வருகிறேன். இதனைக் கடந்து செல்ல எனக்கு விருப்பம் இல்லாமலில்லை. ஆனால் கடந்து சென்றால் இது வரலாறாகாது.

1922 செப்டெம்பரில் டொய்ல், இராணுவ நீதிமன்றங்களுக்கு மரணதண்டனை விதிக்கும் அதிகாரத்தை வழங்கிற்று. நவெம்பர் முதல் தண்டனைகள் நிறைவேறலாயின. டிசெம்பர் 7 ஆம் நாள் டொய்ல் உறுப்பினரான ஷோன் ஹேல்ஸ் டப்ளின் வீதியிலே சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாட் காலையில், அக்கொலை நிகழ்வதற்கு மாதங்கள் முன்னரே சிறைப்பட்டிருந்த தலைவர் நால்வரை, விசாரணை எதுவுமின்றி அரசாங்கம் சுட்டுக்கொன்றது. அந்நால்வருள் ஒருவராகிய ரோரி ஓ கொனர், அம்முடிவை எடுத்த அமைச்சர்களுள் ஒருவராகிய ஓ ஹிக்கின்ஸின் திருமணத்திலே மணமகன் தோழராய் நின்றவர். திருமணம் நடந்து ஓராண்டுக்குச் சற்று அதிகமே ஆகியிருந்தது. போர் முடியுமுன் அரசாங்கம் நிறைவேற்றிய மரணதண்டனைகள் 77 என்பது ஐரிஷ் மக்களின் நினைவில் நிலைத்துவிட்ட எண். விடுதலைப் போர்க் காலத்திற் பிரித்தானியர் நிறைவேற்றிய தண்டனைகளைக் காட்டிலும் இது மிகுதி.

மறுபக்கத்தாரும் இரக்கம் காட்டினாரல்லர். அமைச்சர்கள் வீடு செல்ல இயலாது அரசாங்கக் கட்டடத்துக்குள்ளேயே உண்டு உறங்கினர். கொஸ்கிரேவின் நெருங்கிய உறவினர் ஒருவர் ஆயுதம் தாங்கி வந்தவர்களாற் கொல்லப்பட்டார். 1923 ஜனவரியில் அவருடைய வீடு தீக்கிரையாயிற்று. தம் வாழ்நாளெல்லாம் நாளும் வழிபாட்டை விடாத பக்தர் ஒருவர், இவற்றினிடையே தண்டனைப் பத்திரங்களுக்கு இசைந்திருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. ஓர் அரசு பிறந்தவுடனேயே இறந்துவிடலாகாது என்பதே அவர் தரப்பின் நியாயம். சட்டத்தைக் காக்கவென்று சட்டத்தையே கடந்து சென்ற அந்த டிசெம்பர்க் காலையை எந்த நியாயமும் முற்றாகக் கழுவிவிடாது என்பது என் கருத்து. தூக்குமேடையின் நிழலிலிருந்து ஒருமுறை தப்பியவர், பிறருக்கு அந்த நிழலை விரித்தார். இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொண்டே அவரை நாம் மதிப்பிடல் வேண்டும்.

1923 ஏப்ரல் இறுதியிற் போர் ஓய்ந்தது.

கட்டிய கை

அதன்பின் நடந்தவை ஆரவாரமற்றவை. ஆதலால் அதிகம் பேசப்படாதவை. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட படையைக் குறைக்க முற்பட்டபோது, 1924 மார்ச்சிற் சில அதிகாரிகள் கலகம் செய்யத் துணிந்தனர். படை அமைச்சுக்குக் கீழ்ப்பட்டது, அமைச்சு டொய்லுக்குக் கீழ்ப்பட்டது என்ற நெறி அக்கலகத்தின் முடிவில் நிலைபெற்றது. உள்நாட்டுப் போர் மூளுமுன் தோன்றிய புதிய பொலிஸ் படை, ஆயுதமின்றி மக்களிடையே நடமாடியது. அரசாங்க உத்தியோகங்களுக்குப் பரீட்சை மூலம் ஆள் எடுக்க ஆணைக்குழு அமைந்தது. 1926 இல் உள்ளூர்ச் சபைகளின் உயர் பதவிகளுக்கும் அத்தகைய ஆணைக்குழு ஒன்று வந்தது. மருமகனுக்கும் மைத்துனனுக்கும் வேலை கொடுத்த பழைய வழக்கத்தை மாநகர சபையிலே கண்கூடாகக் கண்டிருந்தவரின் ஆட்சி அதற்கு வேலியிட்டது பொருத்தமே.

ஷனன் நதியின் நீரோட்டத்தைத் தடுத்து மின்சாரம் ஆக்கும் திட்டம் 1925 இல் தொடங்கிற்று. தோமஸ் மக்லொக்லின் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த அத்திட்டத்தை ஜெர்மானிய நிறுவனமாகிய சீமன்ஸ் கட்டி முடித்தது. 50 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட செலவு, அந்தச் சிறிய ஏழை நாட்டுக்குப் பெருந்துணிச்சலே. 1929 ஜூலையில் ஆட்னகுருஷா என்னும் இடத்தில் அம்மின்நிலையத்தைக் கொஸ்கிரேவ் திறந்து வைத்தார். வெளியுலகிலோ, 1923 இல் சர்வதேச சங்கத்திற் சேர்ந்த அயர்லாந்து, டொமினியன்களும் பிரித்தானியாவும் ஒத்த தகுதியுடையன என்ற கொள்கைக்காக வாதாடிற்று. அதன் விளைவாக 1931 இல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், பின்னாளில் 1948 இல் இலங்கை பெற்ற டொமினியன் அந்தஸ்துக்கும் அடிப்படையாயிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

குறைகளும் இருந்தன. 1924 இல் முதியோர் உதவிப்பணத்தில் வாரத்துக்கு ஒரு ஷில்லிங்கை வெட்டியது அவருடைய அரசாங்கம். வரவு செலவு சமப்பட்டது. முதியோரின் மனம் கசந்தது. 1925 இல் எல்லை ஆணைக்குழு தோல்வியில் முடிந்து, வடக்கின் பிரிவினை அப்படியே நிலைத்தது.

இன்னுமொரு செயல் என் சிந்தையை விட்டு அகலுவதில்லை. 1924 மே மாதத்தில் அவருடைய அரசாங்கம் டப்ளின் மாநகர சபையையே கலைத்து, மூன்று ஆணையாளர்களிடம் நகரத்தை ஒப்படைத்தது. நிருவாகச் சீர்கேடு ஒரு காரணம்; சபையிலே அரசாங்கத்துக்கு எதிரான குரல் ஓங்கியிருந்ததும் ஒரு காரணம். பதின்மூன்று ஆண்டு தம்மை வளர்த்த தாய்மனையின் கதவை அவருடைய ஆட்சியே பூட்டிற்று. ஆணையாளர்கள் நகரத்தைத் திறம்பட நடத்தினர் என்று பாராட்டுவோர் உளர். ஆனால் தெரிவு செய்யப்பட்ட சபைக்குத் திறமை ஈடாகுமா? ஆறாண்டு கழித்து, 1930 இல், புதிய சட்டத்தின் கீழ் மாநகர சபை மீண்டும் கூடிற்று.

ஒரு வாக்கின் விலை

1927 ஜூலை 10 ஆம் நாள், வழிபாட்டுக்கு நடந்து சென்ற ஓ ஹிக்கின்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். மீண்டும் போர் மூளுமோ என்று நாடு நடுங்கியது. கொஸ்கிரேவ் பழிக்குப் பழி வாங்கவில்லை. வேட்பாளர் எவரும், தெரிவானால் பிரமாணம் செய்து சபையில் அமர்வேன் என்று முன்கூட்டியே உறுதி கூறவேண்டும் என ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். அதுகாறும் டொய்லைப் புறக்கணித்து வெளியே நின்ற டி வலெராவின் பியன்னா பெயில் கட்சி, வேறு வழியின்றி அவ்வாண்டு ஓகஸ்டிற் சபைக்குள் நுழைந்தது. எதிரிகளை உள்ளே கொணர்ந்தால் தம் பெரும்பான்மை பறிபோகும் என்பதைக் கொஸ்கிரேவ் அறியாதவரல்லர்.

சில நாட்களிலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஓகஸ்ட் 16 இல் வாக்கெடுத்தபோது இருபக்கமும் 71. தீர்மானத்தை ஆதரிப்பாரென்று எதிர்பார்க்கப்பட்ட சிலைகோ நகரத்து மூத்த நகரசபையாளர் ஜோன் ஜிங்ஸ் என்பாரை அன்று சபையிற் காணவில்லை. சபாநாயகரின் வாக்கால் அரசாங்கம் பிழைத்தது. நகரசபையால் வளர்ந்த ஒருவரின் ஆட்சியை வேறொரு நகரசபையாளரின் வெற்று ஆசனம் காப்பாற்றியது வரலாற்றின் நகைச்சுவை.

1932 மார்ச் 9

1932 பெப்ரவரித் தேர்தலில் பியன்னா பெயில் 72 ஆசனங்களைப் பெற்றது. கொஸ்கிரேவின் கட்சிக்கு 57 கிடைத்தது. மாணவன் கேட்ட வினா இங்கேதான் உயிர் பெறுகின்றது.

அன்றைய நிலையைச் சற்று மனத்திற் கொண்டு பார்ப்போம். படையின் அதிகாரிகள் உள்நாட்டுப் போரில் டி வலெராவின் ஆட்களோடு பொருதவர்கள். பொலிஸ் அதிகாரிகள் அவர்களைத் தேடிப் பிடித்தவர்கள். ஆட்சிக்கு வருவோர் 77 பேரின் இரத்தத்துக்குப் பழி வாங்குவார்களோ என்ற அச்சம் அமைச்சர்களின் வீடுகளில் நிலவிற்று. ஆட்சியைக் கைவிடாதிருக்கச் சிலர் நினைத்தனர் என்ற வதந்தியும் உலவிற்று. புதிய உறுப்பினர் சிலர் சட்டைப்பையிற் கைத்துப்பாக்கியோடு சபைக்கு வந்தனர் என்றும் கூறுவர். அண்மையிற் பிறந்த ஐரோப்பிய அரசுகள் பல அப்பொழுது சர்வாதிகாரிகளின் காலடியிற் கிடந்தன.

மார்ச் 9 ஆம் நாள் டொய்ல் கூடிற்று, வாக்கெடுப்பு நடந்தது, கொஸ்கிரேவ் தம் ஆசனத்திலிருந்து எழுந்து எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்றார். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. மறுநாள் அதே படை, அதே பொலிஸ், அதே எழுதுவினைஞர்கள் புதிய தலைவரின் கட்டளைப்படி நடந்தனர். அரசு என்பது தம் கட்சியின் சொத்து அன்று என்று பத்தாண்டு அவர் கற்பித்த பாடம் அன்று பரீட்சிக்கப்பட்டது. ஆசிரியரே அதில் முதலிற் சித்தியெய்தினார்.

என் மாணவனுக்கு அன்று நான் சொல்லத் தவறிய விடை இதுவே. டி வலெராவின் வெற்றிக்குப் பின்னால் கொஸ்கிரேவின் தோல்வி இருந்தது என்பது மட்டும் உண்மையன்று; அத்தோல்வியை அவர் ஏற்ற விதமே அவ்வெற்றிக்குப் பொருளளித்தது.

பின்னாள்

எதிர்க்கட்சி வாழ்வு அவருக்கு ஒளி தரவில்லை. 1933 இல் அவர் கட்சி வேறு குழுக்களோடு இணைந்து பைன் கேல் எனப் பெயர் பெற்றது. அவ்விணைப்பிலே நீலச்சட்டைப் படையினரும் இருந்தனர். அவர்களின் தலைவர் ஓ டபியே கட்சித் தலைவருமானார். பாசிச நாடுகளின் கோலத்தைப் பின்பற்றிய அணிவகுப்புகளுக்கு இடங்கொடுத்தது கொஸ்கிரேவின் நல்ல பெயருக்கு ஒரு மாசு. ஓ டபி ஓராண்டில் விலகியபின், தலைமை மீண்டும் கொஸ்கிரேவிடம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் டி வலெரா நடுநிலை காத்தபோது, கட்சி வேற்றுமை பாராது அதனை ஆதரித்தார். 1944 இல் அரசியலை விட்டு ஓய்ந்து, தாம் விரும்பிய குதிரைகளோடும் தோட்டத்தோடும் காலங்கழித்தார்.

1965 நவெம்பர் 16 ஆம் நாள், தமது எண்பத்தைந்தாம் வயதில், அவர் மறைந்தார். அப்பொழுது நாட்டின் குடியரசுத் தலைவர் டி வலெரா. பிரதமர் ஷோன் லெமாஸ். உள்நாட்டுப் போரில் கொஸ்கிரேவின் அரசை எதிர்த்துப் போரிட்டவர் லெமாஸ். அவருடைய சகோதரர் நோயல், 1923 இல் கடத்திக் கொல்லப்பட்டு மலைப்புறத்திற் பிணமாகக் கிடந்தவர். அரசு தரப்பினரே அதனைச் செய்தனர் என்று பரவலாக நம்பப்பட்டது. அந்த லெமாஸின் அரசாங்கம், கொஸ்கிரேவுக்கு அரச மரியாதையுடன் இறுதிக்கிரியை நடத்திற்று. பிறந்த வீதிக்கு அண்மையிலுள்ள கோல்டன்பிரிட்ஜ் மயானத்தில் அவர் அடக்கமானார். அவருடைய மகன் லியம் கொஸ்கிரேவ், 1973 முதல் 1977 வரை அந்நாட்டின் பிரதமராயிருந்து, தேர்தலில் தோற்றுத் தந்தையைப் போலவே அமைதியாக ஆட்சியைக் கையளித்தார்.

வினாவெழுப்பிய மாணவனை அதன்பின் நான் காணவில்லை. அவன் எங்கிருப்பினும் இதனைப் படிப்பானாயின், காலந்தாழ்த்திய இந்த விடையை ஏற்றுக்கொள்வானாக. எழுபத்தேழு என்ற எண்ணையும் மார்ச் 9 என்ற நாளையும் அவன் ஒன்றாகவே நினைவில் வைத்திருக்கவேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.